பஸ்ஸுக்குள் நாங்கள் யாரோ

அந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் நாட்டு நடப்பைப் பற்றி என்னைவிட விஷயம் தெரிந்த ஆள் கிடையாது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். எனக்கு அப்போது பதினொரு வயது. பேப்பர்காரர் எறிந்துவிட்டுப் போகும் பத்திரிகையை அப்பாவுக்கு முன்னே நான் பிரித்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பதும் என் பொறுப்புத்தான். நான் தெரிந்தெடுத்துக்கொண்டு போகும் செய்திகளில் பாதியைச் சமூகக்கல்வி ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். யுத்தம் வெட்டுப்படும், குண்டுவெடிப்பு வெட்டுப்படும், காணாமற்போனவர்கள் அங்கேயும் காணாமற்போவார்கள். கிரிக்கெட்டும் மழையும் தப்பும். தப்பியதை நானே நாட்டை நடத்துகிற மாதிரி ஒரு குரலில் வாசித்து முடிப்பேன்.

வீட்டில் எனக்கு 'மந்திரி அம்மா' என்று பெயர் வைத்தவர் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போவதற்காக எங்கள் முன்னறையில் காத்திருந்தார். பகிடிக்காரன். ஆனால் அந்தப் பகிடியெல்லாம் வாசற்படியோடு சரி. வெளியே போனால் ஆள் ஊமை, ஏனென்றால் அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. கடைக்குப் போனால்கூட விரலால் காட்டித்தான் வாங்குவார்.

அந்த வருடம் பேச்சுப்போட்டியில் 'நற்பிரசையின் கடமைகள்' என்ற தலைப்பில் எனக்கு முதலிடம் கிடைத்தது. பஸ்களில் அப்போது ஒட்டியிருப்பார்கள்: ஆசனத்தின் கீழே பாருங்கள், உரியவர் இல்லாத பொதியைக் கண்டால் உடனே அறிவியுங்கள். அதை மையமாக வைத்து நான் வெளுத்து வாங்கியிருந்தேன். ஒரு பிரசை குனிந்து பார்த்தால் நூறு பிரசைகள் உயிர் பிழைப்பார்கள் என்று முடித்தபோது அதிபரே கைதட்டினார். மாமாவிடம் வந்து மறுபடியும் முழுவதையும் பேசிக் காட்டினேன்.

"நானும் குனிஞ்சு பாத்தனான் மந்திரி அம்மா," என்றார் மாமா. "எவனோ சப்பித் துப்பின சூயிங்கம்தான் ஒட்டிக் கிடந்தது. ஆருக்கு அறிவிக்கிறது?"

என் பேச்சை அம்மா மட்டும் பாராட்டவில்லை. அம்மாவுக்கு நாட்டின் சட்டங்களைப் பற்றிப் பெரிய மதிப்பில்லை. அவர் தானாகவே சில சட்டங்கள் போட்டு வைத்திருந்தார். அதில் முதலாவது, பஸ்ஸுக்குள் உறவு கிடையாது. ஏறும்போது அவரவர் தனித்தனியே ஏற வேண்டும். அம்மா முன்னால், நான் நடுவில், ஆம்பிளைகள் பின்னால். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது, தமிழில் கதைக்கக்கூடாது. அம்மா வீட்டுப் படலையிலேயே பொட்டை அழித்துவிடுவார். வழியில் ஆமிக்காரர் யாரையாவது இறக்கினால் மற்றவர்கள் அசையாமல் இருந்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இதை அவர் எனக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லித் தந்திருந்தார். எனக்கோ இது சுத்தப் பயந்தாங்கொள்ளித்தனமாகப் பட்டது. குடியியல் புத்தகத்தில் குடும்பமே சமூகத்தின் முதல் அலகு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் விடுமுறை. மாமாவின் விசா அலுவல் இழுபட்டுக்கொண்டே போனதால் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவதென்று அம்மா நேர்ந்திருந்தார். நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் கொழும்பில் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகாத சைவக்காரரைக் காண்பது கஷ்டம். அப்படியே கொட்டாஞ்சேனையில் அப்பாவின் அக்கா வீட்டுக்கும் போய் ஊரிலிருந்து வந்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். மாவை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்து, மெழுகுதிரிகளோடு சேர்த்து ஒரு துணிப்பையில் வைத்து மாமாவிடம் கொடுத்தார் அம்மா. பழைய திரைச்சீலையில் அவர் தைத்த பச்சைப் பை. பிடியில் மட்டும் துணி போதாமல் மஞ்சளில் ஒட்டுப் போட்டிருந்தது.

பஸ்ஸில் சட்டப்படியே உட்கார்ந்தோம். பம்பலப்பிட்டியில் சனம் அள்ளிக்கொண்டு ஏறியது. பின்கதவால் ஒரு முதிய சிங்களப் பெண் முழங்காலைப் பிடித்தபடி ஏற, மாமா எழுந்து இடம் கொடுத்தார். ஊரில் பழகிய மரியாதை. சனம் அவரை அப்படியே நெருக்கிக்கொண்டு போய் மிதிபலகையில் விட்டது. பை அந்த ஆசனத்துக்குக் கீழேயே இருந்துவிட்டது. அதை எடுத்துத் தரும்படி கேட்பதானால் வாய் திறக்க வேண்டும். மாமா திறக்கவில்லை. இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. அப்போது நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

காலிமுகத்திடலில் கடல் தெரியத் தொடங்கிய நேரம் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரோடும் சேர்ந்து நானும் திரும்பினேன். என் வயதுச் சிறுமி, வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல். ஆசனத்துக்குக் கீழே ஒரு பை இருக்கிறது, யாருடையது என்று தெளிவாகச் சிங்களத்தில் கேட்டாள். எனக்குச் சத்தியமாகப் பொறாமை வந்தது. நான் மேடையில் சொன்னதை ஒருத்தி என் கண்முன்னால் செய்து காட்டுகிறாள். நான் ஏன் குனிந்து பார்க்கவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன்.

"மேக்க காகெத?" என்று கொண்டக்டர் கேட்டான். இது யாருடையது? பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்கும்போது அவனுடைய குரல் உடைந்திருந்தது. பிறகு நடந்ததைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சாரதி பிரேக்கை மிதிக்க, ஆள்மேல் ஆள் விழுந்து, கதவாலும் யன்னலாலும் இறங்கினார்கள். ஒரு ஆள் என் காலில் ஏறி மிதித்துக்கொண்டு ஓடினார். அந்த நெரிசலில் ஆசனங்களுக்கிடையே பச்சைத் துணி கொஞ்சம் தெரிந்தது. மஞ்சள் பிடியும் தெரிந்தது. அது அம்மா தைத்த பை.

வெளியே சனம் புல்லுத்தரையில் தூர நின்றது. எதிரே சோதனைச்சாவடியிலிருந்து ஆமிக்காரர் துவக்கோடு ஓடி வந்தார்கள். அந்த முதிய பெண் சுற்றிப் பார்த்து, தனக்கு இடம் தந்த பொடியனைக் கையால் காட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது, உண்மையைத்தான் சொன்னார். யாரோ மாமாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார்கள். இன்னொருவன் கையை ஓங்கினான். அடி விழுந்தால் அது ஒன்றோடு நிற்காது என்பது எனக்கே விளங்கியது. மாமா வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. வீட்டில் எங்களையெல்லாம் வயிறு நோகச் சிரிக்க வைக்கிற அந்த வாய் மீனின் வாய்போலத் திறந்து மூடியது.

நான் அம்மாவைத் தேடினேன். பெண்களுக்கு நடுவில் நின்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூசி பறந்துகொண்டிருந்ததால் வேறு சிலரும் அப்படி நின்றார்கள். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களம் எனக்கு நன்றாக வரும். "ஏக மகே, அய்யே," என்றேன். அது என்னுடையது, அண்ணே. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தவன் பிடியை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவர் என் மாமா, பை எங்களுடையது, சனத்தில் விலகிப் போய்விட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மாமா என்ற சொல் நல்லகாலமாக இரண்டு மொழிக்கும் பொது.

"அப்படியென்றால் நீயே போய் எடுத்துக்கொண்டு வா," என்றான் மூத்த ஆமிக்காரன்.

ஆளில்லாத பஸ்ஸுக்குள் தனியே ஏறினேன். கழன்று விழுந்த செருப்புகள், ஒரு குடை, உருண்டு கிடந்த தோடம்பழங்கள். அது எங்கள் பைதான், உள்ளே மெழுகுதிரிதான் என்று நன்றாகத் தெரிந்தும் பிடியைத் தொட்டபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். யாரையோ இனி நம்பக்கூடாது என்று தோன்றியது. யாரை என்று தெரியவில்லை.

புல்லில் வைத்துத் திறந்து காட்டினேன். மெழுகுதிரியைக் கண்டு ஒருவன் தலையாட்டினான். போத்தலைக் கண்டதும் எல்லோரும் மறுபடி விறைத்துப் போனார்கள். மங்கல் நிற மா. என்ன இது என்று கேட்டார்கள். ஒடியலுக்குச் சிங்களத்தில் என்ன சொல்? எனக்குத் தெரியாது. சாப்பாடு என்றேன்.

"எங்கே, காப்பன் பார்ப்போம்," என்றான் மூத்தவன். தின்னு என்று அர்த்தம்.

உள்ளங்கையில் கொட்டி வாய்க்குள் போட்டேன். பச்சை ஒடியல் மாவைத் தின்றவர்களுக்குத் தெரியும் அந்தக் கைப்பு. தொண்டையில் அடைத்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர, மென்று விழுங்கினேன். வடக்கில் வேலைசெய்துவிட்டு வந்தவன்போலும், இளைய ஆமிக்காரன் ஒருவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "தல் பிட்டி நே," என்று சிரித்தான். பனை மா. சிரிப்பு சனத்துக்கும் தொற்றியது. ஓங்கியிருந்த கை இறங்கியது. எல்லோரும் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். இரட்டைப் பின்னல்காரி என்னைப் பார்த்து மெல்லக் கையசைத்துவிட்டு ஏறினாள்.

எங்களை ஏறவிடவில்லை. மாமாவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு வீட்டில். யாராவது வந்து பொறுப்பேற்கும்வரை நில்லுங்கள் என்றார்கள். நான் பஸ்ஸைப் பார்த்தேன். இதோ அம்மா இறங்கப் போகிறார், இப்போது இறங்குவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் கிளம்பியது. சாரதிக்குப் பின்னால் யன்னலோரத்தில் அம்மாவின் நீலச் சேலை தெரிந்தது. தலைப்பு இன்னும் வாயில். தலை திரும்பவில்லை. பஸ் கோட்டைப் பக்கம் வளைந்து மறைந்துவிட்டது.

அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் என்னை உலுக்கிப்போட்டது அதுதான். துவக்கையும் போத்தலையும் நான் தாங்கிக்கொண்டேன். பெற்ற தாய் என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவார் என்று எந்தப் பத்திரிகையிலும் வரவில்லையே. மாமா என் தலையில் கையை வைத்தார். "அக்கா போட்டாவோ?" என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சரி," என்றார். என்ன சரி என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பொழுது சாயும் முன்னே அப்பா வந்தார். கந்தோரில் அவருக்கு மேலே இருந்த சிங்களத் துரையையும் பதிவுத் துண்டையும் கூடவே கொண்டு வந்திருந்தார். துரை ஆமிக்காரரோடு ஏதோ பகிடியாகக் கதைத்துக் கையெழுத்துப் போட்டார். மாமாவை விட்டார்கள். அம்மா அடுத்த தரிப்பில் இறங்கி ஒரு பார்மசியில் கெஞ்சி அப்பாவுக்கு டெலிபோன் எடுத்ததாகவும், பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ப் பதிவுத் துண்டை அனுப்பிவிட்டதாகவும் வரும்போது அப்பா சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

வீட்டில் அம்மா குசினிக்குள் நின்றார். ஒருவேளை கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"கை காலைக் கழுவிப்போட்டு வா. புட்டு ஆறுது," என்றார்.

"நீங்கள் எங்களை விட்டிட்டுப் போட்டியள்," என்றேன்.

"மூண்டு பேரும் அங்க நிண்டிருந்தா ஆர் வந்து மீட்டிருப்பினம்?" என்றார் அம்மா அடுப்பைப் பார்த்தபடி. "எண்டாலும் நீ வாய் திறந்திருக்கக் கூடாது." தட்டில் புட்டைப் போட்டபடி, "திறந்ததும் நல்லதுதான்," என்றார்.

இரண்டில் எது சட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை தேடினேன். எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு பஸ் முழுக்கச் சனம் செத்துப் பிழைத்திருக்கிறது, என் மாமாவை அடித்தே கொன்றிருப்பார்கள், என் அம்மா என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், இதெல்லாம் செய்தி இல்லையென்றால் வேறு எதுதான் செய்தி? நானே எழுதிக்கொண்டு போனேன். ரீச்சர் அதைக் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு பேனையை எடுத்து முழுவதையும் வெட்டினார். வெட்டும்போது அவருடைய மற்றக் கை என் தோளில் இருந்தது. அன்று காலைக் கூட்டத்தில் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் வாசித்தேன்.

அம்மாவோடு சில நாட்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கச் சொன்னார். நீலச் சேலையை மடிக்கும்போது தலைப்பின் ஓரத்தில் வரிசையாகப் பொத்தல்கள். ஒரு இடத்தில் துணி கிழிந்தே போயிருந்தது. எனக்கு உடனே பொறுப்புணர்ச்சி வந்துவிட்டது.

"அம்மா, வீட்டில எலி வந்திருக்கு. உங்கட சேலையைக் கடிச்சிருக்கு."

அம்மா வாங்கிப் பார்த்தார். பொத்தல்களை விரலால் தடவினார். "ஓம்," என்றார். "எலிதான்."

மாமாவிடம் சொல்லிப் பொறி வாங்கினேன். சுட்ட தேங்காய்த் துண்டு குத்தி, அலுமாரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு காலையும் பத்திரிகைக்கும் முன்னே ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். மாமா விசா கிடைத்துப் போகும்வரையும் அந்தப் பொறியில் ஒரு எலியும் விழவில்லை.