தி.நகரில் என் நண்பருக்காக விசாரித்தது (2004)

மின்மடல் குழு நண்பர்களே, குழப்பாமல் எழுத முயல்கிறேன். சொல்லப்போவது மூன்று:

1. மனநல சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது.
2. அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.
3. மயிலாப்பூர்க்காரர் காப்பீட்டு நிறுவனத்தின் தி.நகர் கிளைக்குப் போய் விசாரித்தால் தெரிந்தவர் கண்ணில் படமாட்டார்.

இன்று காலை அந்தக் கிளையில் இருந்த பெண்ணிடம், "என் நண்பருக்கு மனச்சோர்வு. அடையாறில் டாக்டரைப் பார்க்கிறார். பாலிசியில வருமாம்மா?" என்று கேட்டேன்.

"மனசு சம்பந்தப்பட்டது எதுவும் வராது சார். உடம்புக்கு மட்டும்தான்."

"அவருக்குத் தூக்கமே வரலை. அது உடம்புதானே?"

"படுத்திருக்கிறது உடம்பு சார். முழிச்சுக்கிட்டிருக்கிறது மனசு."

பணம் வராவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். "அப்போ மாத்திரையை நிறுத்திட வேண்டியதுதான்," என்றேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க ஃப்ரெண்டுகிட்ட மருந்தை நிறுத்த வேணாம்னு சொல்லுங்க சார். முகம் ரொம்ப வாடியிருக்கு."

"யார் முகம்?"

"ஃப்ரெண்டோடதுதான் சார்."

திரும்பினால், வரிசையில் எனக்கு அடுத்து எங்கள் மாடி வீட்டு வேங்கடேசன். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"நானும் ஒரு ஃப்ரெண்டுக்காகத்தான் வந்தேன் சார்," என்றார் மெதுவாக. "அவரும் அடையாறு டாக்டரைத்தான் பார்க்கணும். தனியாப் போகத் தயங்கறார்."

ஆகவே மூன்றாவது குறிப்பு தவறு. நண்பர்கள் இருவரும் வியாழக்கிழமை ஒரே பஸ்ஸில் போகிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நண்பர் இருந்தால் எழுதுங்கள், இடம் போட்டு வைக்கிறோம்.