பதினெட்டு அடிச் சரிவு

விமலா டீச்சர் போய்விட்டார் என்று போன் வந்தபோது, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுச் சாரத்தின் மேல் நின்றிருந்தேன். கையில் கரண்டி, கரண்டியில் கலவை. இறங்கி வருவதற்குள் கலவை இறுகிவிட்டது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கொத்தனார் நான். ஒரு தலைமையாசிரியையைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றால் அவரே சிரிப்பார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தச் சரிவும் தெரியும். நெசவு வேலை செய்யும் ஏகாம்பரத்தின் மகள் சுதா, சக்கர நாற்காலியில் வருபவள். வகுப்புக்கு மூன்று படி. தினமும் இரண்டு பேர் அவளைத் தூக்கி வைப்பார்கள். படிக்குப் பக்கத்தில் நாற்காலி ஏறுகிற மாதிரி சரிவு கட்டச் சொன்னார் டீச்சர். நம் ஊரில் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றக் கட்டுவோமே, அதே கணக்கில் நாலடியில் முடித்துவிட்டு, "தேரே ஏறும் டீச்சர்" என்று பீற்றிக்கொண்டேன்.

"முதல்ல நீங்க ஏறுங்க மேஸ்திரி" என்று சுதாவை பெஞ்சில் உட்காரவைத்து, நாற்காலியை என்னிடம் தள்ளினார். உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளிப் பாதி ஏறியதும் பின்னால் உருண்டு குழாயடியில் போய் விழுந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"தூக்கிக்கினு போனா அது தயவு மேஸ்திரி. அவளே ஏறணும், சட்டம் அதத்தான் சொல்லுது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம். இத இடிங்க."

ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி. வழியில் கொடிமேடை, அதில் உபயதாரர் பெயர்க்கல். அவர் மகன் வந்து குதித்தார். "ஒத்தப் புள்ளைக்காக எங்கப்பா பேரப் பேத்தெடுக்கறீங்களாமா?"

"கல்ல செவுத்துல பதிச்சிடலாம் சார். புள்ளைய எங்க பதிக்கறது?" என்றார் டீச்சர்.

சரிவு எழுந்தது. சுதா தானே ஏறினாள். அதே மாதம் டீச்சருக்கு மாகறல் பள்ளிக்கு மாற்றல் வந்தது; யார் வேலை என்று ஊருக்கே தெரியும். அதை எதிர்த்துப் பெற்றோர்கள் மனு எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். உபயதாரர் வீட்டில் எனக்கு மாடி வேலை நடந்துகொண்டிருந்தது. "எனக்கு இன்னாப்பா எழுத வரும்?" என்று கிண்டலடித்து நழுவினேன். கையெழுத்துப் போட எனக்கு நன்றாகவே வரும்.

போன வாரம் அதே பள்ளியில் இரங்கல் கூட்டம். வராந்தாவில் மாலையோடு டீச்சரின் படம். மைக்கில் அந்த உபயதாரரின் மகன், "சமத்துவத்தின் தாய்" என்று உருகிக்கொண்டிருந்தார். சரிவு முழுக்க ஸ்கூட்டர்கள், முதலில் நின்றது அவருடையது. கீழே பூவை மடியில் வைத்துக்கொண்டு சுதா. தூக்க வந்த இருவரிடம், "வேணாண்ணா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

நான் கத்திவிட்டேன். "சார், தாயப் பத்தி அப்பறம் பேசலாம். வண்டி சாவிய எடுத்துக்கினு வாங்க!"

வண்டிகள் நகர்ந்தன. சுதா தானே ஏறிப் பூ வைத்தாள். மறுநாள் ஸ்கூட்டர்கள் திரும்பவும் அங்கேயே நின்றன.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பதினெட்டு அடியைத்தான். காலையில் வேலைக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்து வண்டிகளை நகர்த்திவிட்டுப் போகிறேன்.

"உனக்கு வேற வேல இல்லியா மேஸ்திரி?" என்று வண்டிக்காரர்கள் எரிந்து விழுகிறார்கள்.

"பாதியில வுட்ட வேலைங்க" என்கிறேன்.