தறிச் சத்தத்தில் எக்காளம் கேட்குமா

எங்கள் சபையில் இயேசு எந்த நேரமும் வந்துவிடுவார். சோற்றில் கை வைத்தால் வந்துவிடுவார், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் வந்துவிடுவார், தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு வைத்தால் நம் முறை வருவதற்குள் வந்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் நாளைக்கு என்ற பேச்சே தனியாக வராது. "நாளைக்குக் கர்த்தர் வரலைன்னா இட்லி ஊத்துவோம்" என்பாள் அம்மா. நான் ராத்திரி இட்லிக்காக வேண்டிக்கொண்டு படுப்பேன்.

இதற்கு இரகசிய வருகை என்று பெயர். எக்காளம் ஊதும். கிறிஸ்துவுக்குள் செத்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள். உயிரோடு இருக்கிற விசுவாசிகள் கண்மூடித் திறப்பதற்குள் உருமாறி மேகத்துக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் கீழே கிடப்பார்கள். கீழே கிடப்பவர்களுக்கு என்னென்ன நடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படம் காட்டுவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயசுப் பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இரண்டு பெண்கள் திரிகையில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், ஒருத்தி விடப்படுவாள் என்று வேதத்தில் இருக்கிறது. எங்கள் செல்லூரில் யார் திரிகை வைத்திருக்கிறார்கள்? பாஸ்டர் அதை எங்களுக்கென்று மாற்றிச் சொன்னார். "ஒரே தறிக்கூடத்துல ரெண்டு பேர் வேலை பாப்பாங்க. ஒருத்தர் போயிருவாங்க. இன்னொருத்தர் அறுந்த நூலைக் கையில புடிச்சிக்கிட்டு நிப்பாங்க." எல்லாரும் தோத்திரம் சொன்னார்கள்.

என் அப்பாவும் அம்மாவும் ஒரே தறிக்கூடத்தில்தான் வேலை பார்த்தார்கள். அப்பா விசைத்தறி ஓட்டினார். அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தாள். அம்மா ஞானஸ்நானம் எடுத்தவள். அப்பா வெள்ளிக்கிழமை திருநீறு பூசுகிறவர். யார் போவார், யார் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மாவைச் சபைக்குக் கொண்டுபோனது அவளுடைய மூச்சுதான். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி அவளுக்கு இளைப்பைக் கொடுத்திருந்தது. வாயில் வைத்து அழுத்துகிற மருந்து ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள். தெருவில் அதைப் பம்பு என்பார்கள். ஒரு உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து, சுகம் கிடைத்துவிட்டது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சபை முன்னால் போய் நின்று, எல்லாரும் பார்க்க அந்தப் பம்பைப் பிரசங்க மேடையில் வைத்தாள். இனி இது எனக்கு வேண்டாம் என்று சாட்சி சொன்னாள். கைதட்டினார்கள். அம்மாவுக்காக அதுவரை யாரும் கைதட்டியதில்லை. ரொம்பச் சத்தமாகத் தட்டியது நான்தான்.

அங்கேதான் பூட்டு விழுந்தது. சாட்சி சொன்ன பிறகு இளைப்பு வந்தால் அது இளைப்பு இல்லை, சோதனை. மருந்தைத் தொட்டால் அது மருந்து இல்லை, மறுதலிப்பு. மறுதலித்தவர்கள் எக்காளம் ஊதும்போது கீழேதான் கிடக்க வேண்டும். இளைப்பு என்னவோ வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது.

அப்பா சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதற்கு மட்டும் சொன்னார். புதிதாக ஒரு பம்பு வாங்கிவந்து தன் சட்டைப் பையில் போட்டார். தறிக்கூடம் அடுத்த சந்தில்தான், அங்கே பனியனோடுதான் நிற்பார். அதனால் சட்டை பகலெல்லாம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும்.

"இந்தா பாரு, இதுக்குள்ள இருக்கு. நான் எடுத்துத் தந்தா நீ வாங்கமாட்ட. உனக்கா எப்பத் தோணுதோ எடுத்துக்க. நானும் கேக்கமாட்டேன், உங்க பாஸ்டர்ட்டயும் சொல்லமாட்டேன்."

"உங்க வாயில சாத்தான் பேசுறான்."

"சாத்தான் எதுக்கு மெடிக்கல்ல வரிசையில நிக்கப் போறான்?"

அம்மா அதை எடுக்கவில்லை. ஆனால் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் இருப்பதை எடுத்துத் துடைத்து, மறு சட்டையின் பையில் போட்டு ஆணியில் மாட்டுவாள். ஒரு நாளும் மறந்ததில்லை. தூக்கி எறிந்ததும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு இருந்த கவலை வேறு. செல்லூரில் பகல் முழுக்கத் தறிச் சத்தம். அதில் பஸ் ஹாரனே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த அக்காவிடம் கேட்டேன்.

"தறிச் சத்தத்துல எக்காளம் கேக்குமா சிஸ்டர்?"

"அவரோட பிள்ளைகளுக்குக் கேக்கும்."

"எங்கப்பாவுக்கு?"

"அவருக்குக் கேக்காதும்மா." புன்னகையோடு சொன்னார்.

அது உண்மையாகவும் இருந்தது. அப்பாவுக்குத் தறியடியில் நின்று நின்று காது பாதி போயிருந்தது. சாப்பிடக் கூப்பிடவே பின்னால் போய்த் தோளைத் தட்ட வேண்டும். தட்டுவது என் வேலை. நானும் அம்மாவும் மேலே போய்விட்ட பிறகு, பசித்தும் தெரியாமல், யாராவது தோளைத் தட்டுவார்கள் என்று அப்பா நின்றுகொண்டே இருப்பதை நினைத்துப் பார்த்தேன். படத்தில் காட்டிய நெருப்பைவிட அதுதான் தாங்க முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. செல்லூரில் அன்றைக்கு மட்டும் தறி ஓடாது. தெருவில் சைக்கிள் மணி கேட்கும், பக்கத்து வீட்டில் தாளிக்கிறது கேட்கும். அந்த அமைதியைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. வருவதென்றால் இன்றைக்குத்தான் வருவார். எக்காளம் எல்லாருக்கும் கேட்கிற நாள் இது ஒன்றுதான்.

அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடத் தறிக்கூடத்துக்குப் போனேன். தறிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இலையில் பொரி, கடலை, தேங்காய், நாட்டுச்சர்க்கரை படைத்திருந்தார்கள். சபைப் பிள்ளைகள் படைத்த பொரியைத் தொடமாட்டோம். பள்ளிக்கூடத்தில் யார் நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம். அது எங்களுக்கு ஒரு பெருமை.

அப்பாவோடு வேலை பார்க்கிறவர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "மாப்ள, ஒம் மக மேல போறப்ப அவ காலப் புடிச்சிக்கிட்டு நீயும் ஏறிருடா."

"நான் எம்புட்டு வெயிட்டு. பிள்ளை பறக்க முடியாம கீழ விழுந்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பொரியை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவந்த அப்பா என்னைத் தாண்டிப் போனார். "இவளுக்கு வேணாம், இவங்கம்மா வையும்." நான் கையை நீட்டினேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போட்டார். தின்றேன். மறுபடி நீட்டினேன். ஒரு பிடி போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வயிறு முட்டத் தின்றேன். இனி என்னை எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அப்பா தோளைத் தட்ட ஆள் இருக்கும்.

வீட்டில் அம்மா என் கவுனைப் பார்த்தாள். சர்க்கரைப் பிசுக்கில் பொரி ஒட்டியிருந்தது.

"எங்கடி தின்ன?"

"தறிக்கூடத்துல."

"படைச்சதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"நம்ம ரெண்டு பேரும் போயிட்டா அப்பா தனியா இருப்பாரு. நீ போம்மா. நான் அப்பாகூட இருந்துக்கிறேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என் கவுனில் ஒட்டியிருந்த பொரியை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தாள். வெளியே போடப்போகிறாள் என்று நினைத்தேன். வாயில் போட்டு மென்றாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "துப்பிரும்மா. நீ போகணும்ல, துப்பிரு."

"நமத்துப்போச்சு" என்றாள். துப்பவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் புதுப் பயம். என்னால் அம்மாவும் போக முடியாமல் ஆகிவிட்டதே என்று. தினமும் முழங்கால் போட்டு, அம்மா தின்றதைக் கணக்கில் எடுக்காதீங்க இயேசப்பா, தெரியாமத் தின்னுட்டாங்க என்று பொய் சொல்லி ஜெபித்தேன்.

கார்த்திகை மழையில் அம்மாவுக்கு இளைப்பு கூடியது. மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்ட ஒரு நாள், மத்தியானம், சபையிலிருந்து இரண்டு சிஸ்டர்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பேச்சு வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு வாரேன் என்று எழுந்தேன். மூத்த சிஸ்டர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "மொதல்ல ஜெபம். மனுஷனத் தேடி ஓடக்கூடாது. நீயும் முழங்கால் போடு."

போட்டேன்.

அம்மா வலது கையைத் தூக்கினாள். எதிர்ச் சுவரைப் பார்த்து நீட்டினாள். விரல்கள் விரிந்து விரிந்து மூடின.

"பாக்குறாங்க. சகோதரி கர்த்தரப் பாக்குறாங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் அம்மாவின் முழங்கையைத் தாங்கி, சபையில் தூக்கிப் பிடிப்பதுபோல அந்தக் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவர்கள் அழுதுகொண்டே பாடினார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பொரி கணக்கில் வரவில்லை. அம்மா பார்த்துவிட்டாள். எனக்கும் தெரிகிறாரா என்று அவள் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். சுவர், ஆணி, சட்டை. நான் அதற்கு மேலே பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தது.

கரண்டு போய்த் தறி நின்றதால் அப்பா வீட்டுக்கு வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

வளர்ந்த பிறகு அந்த வேதத்தை நானே உட்கார்ந்து படித்தேன். அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது என்றுதான் இருக்கிறது. நோவா காலத்து வெள்ளம்போல என்றும் இருக்கிறது. அந்த வெள்ளம் வாரிக்கொண்டு போனது கெட்டவர்களைத்தான், நோவா மிஞ்சி நின்றார். இயேசுவோ, நோயாளிக்குத்தான் வைத்தியன் வேண்டும் என்று தன் வாயால் சொல்கிறார். மருந்தைக் கொண்டுவந்து மேடையில் வை என்று ஒரு வரிகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். பாஸ்டர் இப்போது யூடியூபில் வருகிறார். தலை நரைத்துவிட்டது. இன்னும் சீக்கிரம் என்றுதான் சொல்கிறார்.

அம்மாவின் அடக்கத்தின்போது அவர் மைக்கில் பேசினார். சகோதரி கடைசி நேரத்தில் கையை நீட்டிக் கர்த்தரைக் கண்டார், எக்காளம் ஊதும்போது முதலில் எழுந்திருப்பார் என்றார். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். மைக் என்பதால் அவருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஆத்தா, அம்மா எந்தப் பக்கம் கைய நீட்டுனா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் அதேபோலச் சாய்ந்து உட்கார்ந்து, அதேபோலக் கையை நீட்டிக் காட்டினேன். "அங்கிட்டுப்பா. இயேசப்பாவப் பாத்தாங்க."

அப்பா என் விரலைப் பார்த்தார். விரல் போன பக்கம் பார்த்தார். எழுந்துபோய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். பையைத் தொட்டுப் பார்த்தார். போட்டுக்கொள்ளவில்லை. கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

எங்கேயோ வெளியே கிளம்புகிறார் என்று நினைத்தேன். நானும் வாரேம்ப்பா என்று செருப்பைத் தேடப் போனேன்.