நான் திறந்த வால்வு

புளியந்தோப்பில் எங்கள் சந்தில் ஒரு பையனுக்கு மீசை அரும்பினால், அவன் என்ன வேலைக்குப் போகப்போகிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கார்ப்பரேஷனின் பாதாளச் சாக்கடை கேங்கில் சேர்த்துவிடுவார்கள். நைனா அந்த வேலையிலேயே செத்தார். அண்ணனும் அதில்தான் இருந்தான். நான் மட்டும் தப்பித்தேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் கழித்து, ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வாளி கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. பேசின் பிரிட்ஜ் வழியாக நடந்து வேலைக்குப் போகும்போது கலெக்டர் உத்தியோகத்துக்குப் போகிற மிதப்பு எனக்கு.

உத்தியோகம் இதுதான். வாளிக்குத் துத்தநாக முலாம் பூசுவதற்கு முன், துரு போவதற்காக ஆசிட் தொட்டியில் முக்குவார்கள். வீரியம் குறைந்த ஆசிட் பின்கட்டில் இருந்த ஒரு பெரிய குழிக்கு வரும். அதில் சுண்ணாம்பைக் கொட்டிக் கிளறி, ஆசிட்டை முறித்து, பிறகு வால்வைத் திறந்து தெருச் சாக்கடைக்கு விட வேண்டும். முறிக்காமல் விடக்கூடாது என்பது கார்ப்பரேஷன் சட்டம். அந்தக் குழிக்கும் வால்வுக்கும் நான்தான் ஆள்.

சட்டம் இருந்தது, சுண்ணாம்புதான் இல்லை. கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் வரும் நாள் கம்பெனிக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடும். அன்றைக்கு மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இறங்கும். அவர் ஆசிட் பட்டால் நிறம் மாறுகிற ஒரு தாளைக் குழித் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் சாஸ்திரத்துக்கு நாலு சட்டி. இதைப் பற்றிப் போர்மேனிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். "உனக்கு இன்னாடா வந்துச்சி? புடிக்கலைன்னா கேட்டு அங்க கீது" என்றார். கேட்டுக்கு வெளியே எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாக்கடை கேங்குக்கு எங்கள் கம்பெனியின் லட்சணம் தெரியும். அதற்கு அவர்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வருமே, அதில் ஒரு துணியைத் தோய்த்துக் காயவைத்து வைத்திருப்பார்கள். ஆள் இறங்குகிற சாக்கடைக் குழிக்கு முந்திய குழியில் அதைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒருவன் மேலேயே உட்கார்ந்து அடிக்கடி தூக்கிப் பார்ப்பான். சிவப்பு போய் மஞ்சளாகிவிட்டால் ஆசிட் வருகிறது என்று அர்த்தம். உடனே கத்துவான், கீழே இருப்பவன் ஏறிவிடுவான். இன்ஸ்பெக்டரின் தாளைவிட எனக்கு அந்தத் துணிமேல்தான் மரியாதை.

ஒருமுறை இன்ஸ்பெக்டருக்காகக் கொட்டிய சுண்ணாம்பு வண்டலாக இறங்கி, குழாயில் கல்லாக இறுகிவிட்டது. தெருவெல்லாம் சாக்கடை பொங்கியது. கேங் வந்தது. அண்ணனும் வந்தான். கடப்பாரையால் அடைப்பைக் குத்திப் பெயர்க்க அவன்தான் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் கேட்டுக் கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டான்.

"வால்வு மூடிக்கீதாடா?"

"மூடிட்டேண்ணா. நீ ஏறி வந்து சொல்ற வரைக்கும் தொறக்க மாட்டேன்."

அவன் திரும்பி, துணியும் கயிறுமாக நின்றவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என் தம்பி கீறான் வால்வுகிட்ட. துணி எதுக்கு? நீ வந்து வண்டலைத் தூக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. துணி தொங்கட்டும் அண்ணா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பதினோரு மணிக்குப் போர்மேன் ஓடிவந்தார். ஆசிட் மாற்ற வேண்டும், துறைமுகத்துக்குப் போகிற சரக்கு, குழி நிரம்பிவிட்டது, வால்வைத் திற என்றார். "கீழே எங்கண்ணன் கீறான் சார்" என்றேன். "எல்லாரும் ஏறிட்டானுங்க. டீ குடிக்கப் போய்ட்டானுங்க. என் கண்ணால பார்த்தேன்" என்றார்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் ஷிப்டு நேரத்தில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போக அவரிடமே சீட்டு வாங்க வேண்டும். மதிலோ இரண்டு ஆள் உயரம். சீட்டுக் கேட்டேன், தரவில்லை. "தொறக்கிறியா, இல்ல வேற ஆளைப் போடட்டுமா?" என்றார். நான் மாட்டேன் என்று நின்றாலும் அடுத்தவன் திறக்கத்தான் போகிறான் என்று ஒரு சாக்கு மனசுக்குள் வந்தது. அவர் சொன்னதை நம்பித் திறந்தேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நான் நம்பவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் திறந்தேன். ஒரே ஒரு சுற்று.

கூச்சல் மதிலைத் தாண்டி வந்தது. வால்வை மூடிவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன். காவலாளியே பயந்துபோய்க் கேட்டைத் திறந்துவிட்டான். அண்ணனைக் கயிற்றில் தூக்கித் தெருவில் கிடத்தியிருந்தார்கள். இருமி இருமி மூச்சு அடைத்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து வழன்றிருந்தது. குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து நானே ஊற்றினேன். அவன் என்னைப் பார்த்தான்.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் மானேஜரும் போர்மேனும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கையில் நோட்டுப் புத்தகம். உண்மையாகவே கோபமாக இருந்தார்.

"ஆசிட்டைத் திறந்துவிட்டது யார்? சொல்லு. இந்தக் கம்பெனி லைனையே இன்றைக்கு வெட்டிவிடுகிறேன்" என்று என்னிடம் கேட்டார்.

எங்களிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆசிட் அன்றோடு நின்றிருக்கும். நான் போர்மேனைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் தரையில் கிடந்தபடியே அண்ணன் பேசினான்.

"வால்வு மூடித்தான் இருந்திச்சி சார். ஆசிட்டெல்லாம் இல்ல. நான்தான் கால் வழுக்கி சுண்ணாம்பு வண்டல்ல வுழுந்துட்டேன். அதான் வெந்துபோச்சி."

இன்ஸ்பெக்டர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். போர்மேன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காலிக் குடத்தோடு நின்றேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "ஏண்ணா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னா சொல்றது? உன்னைத் தொரத்துவானுங்க. தொரத்துனா நீ எங்க வருவே? எங்கூட எறங்குவே." அவனுக்குப் பேச மூச்சு வரவில்லை. கொஞ்சம் இருமிவிட்டு, "வூட்ல ஒருத்தன் எறங்கறது போதும்டா" என்றான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் ஷிப்டுக்குப் போனேன். நாலு சட்டி சுண்ணாம்பு கொட்டிக் கிளறினேன். போர்மேன் தலையாட்டினார். வால்வைத் திறந்தேன்.