அறுபதும் பச்சை

தொண்ணூறுகளின் கடைசியில், கணபதி பகுதியில் ஒரு மோட்டார் பட்டறையில் எனக்கு முதல் வேலை. பேரிங் தேய்ந்த மோட்டாரை இரைச்சலை வைத்தே கண்டுபிடிக்க, யாரும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் போட்ட கணினியில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். மோட்டார் பக்கத்தில் மைக். இரைச்சல் வரம்பைத் தாண்டினால் திரையில் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. மைக்கின் ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் சவுண்டு கார்டுக்கான டிரைவர் மென்பொருளையும் நானே தேர்ந்தெடுத்தேன். மூன்றைச் சோதித்து, காரணங்களை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அறுபது மோட்டாரும் பச்சை. அப்படி எந்தப் பட்டறையிலும் நடக்காது. மைக்கைத் தட்டினேன். திரையில் கோடு அசையவில்லை.

காலையில் பட்டறை திறந்ததும் கணினியிலேயே முருகன் பாட்டு ஓட வேண்டும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வந்த சர்வீஸ்காரர் என் டிரைவரை நீக்கிவிட்டு, தனக்குப் பிடித்த ஒலி அமைப்பைப் போட்டு, பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தார். பாட்டு கணீரென்று வந்தது. என் நிரலுக்கு மைக்கிலிருந்து வெறும் நிசப்தம்தான் போயிற்று. நிசப்தத்தை அது நல்ல மோட்டார் என்று எடுத்துக்கொண்டது. அதைப் பிடிக்க ஒரு வரி எழுதாமல் விட்டவள் நான். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"லினக்ஸ்னா அவிங்கவிங்க இஷ்டம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? என்ற இஷ்டத்துக்குப் போட்டுப்போட்டேன்."

"இதுல வேலை செய்யறது நானுங்க. பாஸ்வேர்டைச் சொல்லுங்க, பழையபடி வெச்சுக்கறேன்."

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க கண்ணு? எதையாச்சும் அழிச்சுப்போடுவீங்க." சிரித்தார். காதில் எச்சில் பட்டதுபோல் இருந்தது.

வெளியே மோட்டார்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் போனேன்.

"சாமி பாட்டை நிறுத்தச் சொல்றீங்களா அம்மணி?"

"பாட்டுக்கு டேப்ரிகார்டர் வாங்கிக்கலாமுங்க. இந்த மோட்டாருங்களை அனுப்பாதீங்க."

"உங்க மிசினே பச்சை காட்டிருச்சல்லங்க?"

ஏற்றாமல் இருந்தவற்றில் நான்கை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். நான்காவதில் கரகரவென்றது. முதலாளியையும் கேட்கச் சொன்னேன். காதை எடுத்துவிட்டு, "எல்லாத்தையும் இறக்குங்கப்பா" என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்றைக்கே கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, என் சிடியிலிருந்து லினக்ஸையும் என் நிரலையும் மறுபடி ஏற்றினேன். டிரைவர் நான் தேர்ந்தெடுத்தது, பாஸ்வேர்டு நான் வைத்தது. நிசப்தத்துக்கும் ஒரு வரி எழுதினேன். மறுநாள் அறுபதில் ஏழு சிவப்பு.

காதில் ஒட்டிய கிரீஸ் சோப்புக்குப் போய்விட்டது. சர்வீஸ்காரரின் அந்தக் 'கண்ணு' போகவில்லை.