பத்து லட்சத்தில் ஒருவர்

உறவுக்காரர் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வாயில் வைக்க மாட்டார். தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, “இது போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா?” என்பார். கொடுத்தவர் முகம் சுருங்கும். “தப்பா எடுத்துக்காதீங்க, அவர் வேலை அப்படி” என்று மனைவி அவசரமாகக் குறுக்கே விழுவார். மச்சினன் வைத்த பெயர் ‘மண்ணு மாப்பிள்ளை’.

கெட்டுப்போன மண்ணும் நிலத்தடி நீரும் மனித உடம்பை என்ன செய்யும் என்று கணக்குப் போடுவது அவர் உத்தியோகம். விளையாடும் குழந்தை நாளொன்றுக்கு எவ்வளவு மண் தின்னும் என்பதை மில்லிகிராமில் சொல்வார். சொந்த மகள் எந்த வகுப்பு என்பதை மட்டும் மனைவியைக் கேட்டுத்தான் சொல்வார்.

அவருடைய கணக்குகளுக்குள், ஆபத்தை அளந்து பார்ப்பதற்கென்றே ஒரு கற்பனை ஆசாமி குடியிருக்கிறான். எண்பது கிலோ எடை. அளவாகத் தண்ணீர் குடிப்பான், தினமும் குளிப்பான், வருஷத்தில் பதினைந்து நாள் வெளியூர் போவான், மீதி நாளெல்லாம் வீட்டோடு கிடப்பான். மனைவிக்கு அவன்மேல் தனி மரியாதை. “அந்த ஆளைக் கட்டியிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியூர் கூட்டிட்டுப் போயிருப்பான்.”

மூடிக்கிடந்த ஒரு டிரை கிளீனிங் ஆலையை ஒட்டிய தெருவுக்கு அந்த ஆசாமியை நம்பித்தான் போனார். கறை எடுக்கும் மருந்து பல வருஷமாகத் தரைக்குள் இறங்கிப் போர் தண்ணீரில் கலந்திருந்தது. தெருவாசிகளைக் கூட்டி, படம் மாட்டி விளக்கினார்.

“பயப்பட ஒண்ணுமில்லை. பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்குத்தான் ஆபத்து.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு தையல்காரம்மா கேட்டார்: “அந்த ஒருத்தர் எந்தத் தெரு சார்?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “அது ஆள் இல்லைம்மா. நிகழ்தகவு.”

“சரி, அந்த நிகழ்தகவுக்கு உடம்புக்கு வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்?”

அவரும் சிரித்து வைத்தார். அந்த அம்மா சமாதானமாகிவிட்டார். “எங்களுக்கென்ன பயம்? தண்ணியைக் கொதிக்க வெச்சுப் புழங்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே. நாள் பூரா அண்டா அடுப்புலதான் கிடக்கு. பொண்ணு கைக்குழந்தையோட வந்திருக்கா இல்ல?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “நாள் பூராவா? ஜன்னல் திறந்திருக்கா?”

“பிள்ளைக்குச் சளி பிடிச்சா? சாத்தித்தான் வெச்சிருக்கோம்.”

மாட்டிய படங்களை அப்படியே விட்டுவிட்டு, “வீட்டைக் காட்டுங்க” என்று கிளம்பினார்.

ஒற்றை அறை. ஒரு பக்கம் தையல் மிஷின், எதிரே கொதிக்கும் அண்டா, நடுவில் பாயில் குழந்தை. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. ஆவி படிந்த மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமலேயே தட்டுத்தடுமாறிப் போய் அடுப்பை அணைத்தார்.

“கொதிச்சாத்தானே சார் கிருமி சாகும்?”

“கிருமி சாகும்மா. இது கிருமி இல்லை. சூடு பட்டா தண்ணியை விட்டுட்டு ஆவியோட கிளம்பிடும். தண்ணியில இருந்ததை இப்ப எல்லாரும் மூச்சுல இழுத்துக்கிட்டிருக்கீங்க.”

மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“அப்புறம் நோட்டீஸ் எதுக்கு ஒட்டினாங்க?”

“அது வேற ஆபீஸ்.”

“நீங்க ரெண்டு ஆபீஸும் பேசிக்கிறதில்லையா?”

மேலதிகாரிக்குப் போன் போட்டுக்கொண்டே ஜன்னலை நெட்டினார். பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிப்போன கதவு. தோளால் இடித்ததும் திறந்தது.

“ஆபத்து எல்லைக்குள்ளதான் இருக்குன்னு நீங்கதானேய்யா எழுதினீங்க?” என்றது மறுமுனை.

“நான் எழுதினது அந்த எண்பது கிலோ ஆளுக்கு சார். இங்கே கைக்குழந்தை இருக்கு. இன்னிக்கே தெருவுக்குத் தண்ணி டாங்கர் அனுப்புங்க. அந்த நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லுங்க. கணக்கை முதல்லேருந்து போடறேன்.”

மறுமுனை கத்தியது, விதிகளைப் படித்தது, கடைசியில், “அனுப்பித் தொலைக்கிறேன்” என்றது. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. கதவு திரும்பத் திரும்பச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. டாங்கரின் ஹாரன் தெருமுனையில் கேட்கும்வரை, அவர் அதை முழங்கையால் தள்ளிப் பிடித்தபடி நின்றார்.