முப்பத்திரண்டு ஜிபி போதும் என்று சொன்னோம்

அண்ணனின் முகத்தை அவனுடைய அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கம்பெனி கொடுத்த அட்டை, தபால்தலை அளவுப் படம். பெரிதாக்கப் பெரிதாக்க மூக்கும் வாயும் கட்டம் கட்டமாக உடைந்தன. போட்டோக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "போன்ல ஒரு நல்ல படம்கூடவா இல்லை? இந்தக் காலத்துல போட்டோ இல்லாத ஆள் யாரும்மா இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணன் போனில் போட்டோ இல்லாமல் இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. எல்லாம் வயர்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு கன்ட்ரோல் போர்டைப் பிரித்து மாட்டும்போது இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டிவிட்டான். லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு டீச்சர். அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் அண்ணன் கதவு இடுக்கில் வாயை வைத்து அவரிடம் பேசிக்கொண்டே இருந்தானாம். வெளியே வந்த அந்த அம்மா கத்தவில்லை, திட்டவில்லை. "ஏம்ப்பா, பிரிக்கும்போது எது எங்க இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்க மாட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி அவனை விடவேயில்லை. முதலில் காகிதத்தில் எழுதி வைத்தான். கேமரா உள்ள போன் வந்ததும் படம் எடுக்க ஆரம்பித்தான். பிரிப்பதற்கு முன்னால் ஒன்று, மாட்டிய பிறகு ஒன்று. எந்த அவசரத்திலும் இதை விட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'ஸ்டுடியோ' என்று பெயர் வைத்தார்கள். "என்ன ஸ்டுடியோ, வயருக்குப் பவுடர் போட்டாச்சா? சிரிக்கச் சொல்லு!" என்பார்கள். அவனும் சிரிப்பான். பழைய படங்களை அழிக்க மட்டும் சம்மதிக்க மாட்டான். "ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒவ்வொரு கிறுக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே கட்டடத்துக்குப் போவேன். அன்னைக்கு இந்தப் படம்தான் எனக்குக் கண்ணு" என்பான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்தப் போனை வாங்கினேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவனுடைய பழைய போன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தது. நான் அவனைக் கடைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்ற விற்பனையாளன் ஒரே போனை இரண்டு பெட்டியில் காட்டினான். ஒன்று முப்பத்திரண்டு ஜிபி, இன்னொன்று நூற்று இருபத்தெட்டு. அண்ணனின் சட்டைக் கையில் இருந்த கிரீஸ் கறையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினான்.

"சாருக்கு என்ன மேடம், பேசறதுக்கு, வாட்ஸப் பாக்கறதுக்கு, நாலு போட்டோ எடுக்கறதுக்கு. அவ்வளவுதானே? முக்கால்வாசி பேருக்கு முப்பத்திரண்டே தாராளம்."

முக்கால்வாசி பேர் என்றால் யார்? அவர்களை யாராவது கேட்டார்களா? இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு நான் கேட்கவில்லை. "ஆமா அண்ணா, உனக்கு இது போதும்" என்று நானே சொன்னேன். "எனக்கு இதுவே ஜாஸ்தி" என்றான் அவன். அப்போது என் கைப்பையில் இருந்த போனில் இருநூற்று ஐம்பத்தாறு ஜிபி இருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறவள் நான். எனக்கு எதற்கு அவ்வளவு? அப்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

பெட்டியில் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது. அதில் பாதியைப் போன் தனக்கே வைத்துக்கொண்டது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பாதி அறைகளை வீட்டுக்காரரே பூட்டி வைத்துக்கொள்வது மாதிரி. மிச்சப் பாதியில் அண்ணன் குடியிருந்தான். அடுத்த வருடம் கம்பெனி ஒரு ஆப் கொண்டுவந்தது. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் ஏற்றினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஸ்டுடியோ என்று மற்றவர்கள் கிண்டல் செய்த அவனுடைய பழக்கத்தையே கம்பெனி சட்டமாக்கிவிட்டது, போன் மட்டும் அவனுடையது. அந்த ஆப் ஒவ்வொரு படத்தையும் தனக்கென்று இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட்டுப் பார்த்தான். ஆப் அதைச் சட்டையே செய்யவில்லை. நெட்டில் ஏற்றி வைக்கலாம் என்றால் இலவச இடம் என்றைக்கோ நிரம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் காலைகள் எப்படி விடிந்தன என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கையில் காபி, ஒரு கையில் போன். 'இடம் இல்லை' என்று திரை சொல்லும். எதை அழிப்பது என்று பஞ்சாயத்து.

"பாப்பா, பல்லு விழுந்த படத்தை எடுத்துடவா?"

"ஐயோ அப்பா, அது வேணும்! அந்த வயரை அழிங்க!"

"அது பன்னெண்டாவது மாடி போர்டும்மா. அது இல்லைன்னா அப்பா திருதிருன்னு முழிக்கணும். உனக்குத்தான் புதுப் பல்லு வந்துடுச்சுல்ல?"

அண்ணி அடுப்படியிலிருந்து, "நம்ம கல்யாண நாள் படம் ஒண்ணு இருந்துச்சே, அதாவது இருக்கா?" என்பாள்.

"உன்னைத்தான் தினம் நேர்லயே பாக்கறேனே. உன்னைப் பாக்கப் போன் எதுக்கு?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. வீட்டில் இருக்கிறவர்களைத் தினம் பார்க்கலாம். போர்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும். அவன் தன்னைச் சேர்த்துக் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழிப்பதற்கு முன்னால் சில படங்களை எனக்கு அனுப்பிவிடுவான். "உன் போன்லதான் இடம் இருக்கே, நீ வச்சுக்க" என்பான். நான் பாதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வயராக இருக்கும் என்று நினைத்தேன். சென்ற வருடம் போன் மாற்றியபோது பழைய அரட்டைகளைக் கொண்டுவரச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். பழைய போனையும் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்கினேன். என்னிடம் இடம் இருந்தது. என் அண்ணனுக்கு அதில் இடம் இல்லை. போன் விற்றவனைத் திட்டும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனாலேயே அவனை இன்னும் கூடுதலாகத் திட்டுகிறேன்.

அண்ணன் இறந்தது படிக்கட்டில். லிஃப்ட் நின்றால் மெக்கானிக் மட்டும் லிஃப்டில் போக முடியாது. மோட்டார் இருக்கும் அறை மொட்டைமாடியில். பன்னிரண்டு மாடி, தோளில் கருவிப் பை. பதினோராவது மாடியின் திருப்பத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது.

பதினேழாம் நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அண்ணி சுவரோரம் நின்றாள்.

"தங்கமான மனுஷன்மா. ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்லை" என்றார். தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஒரு சின்ன விஷயம். அவர் போன்ல சைட் படமெல்லாம் இருக்கும். பசங்க அதை வச்சுத்தான் இனிமே வேலை பாக்கணும். நான் காப்பி எடுத்துக்கிட்டு, போனைச் சுத்தமா துடைச்சுக் குடுத்துடறேன். கம்பெனி ரூல்."

"போன் கம்பெனி குடுத்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை, அவரோடதுதான்."

"ஏன் கம்பெனி குடுக்கலை?"

"எல்லாருமே சொந்தப் போன்தாம்மா. முப்பத்திரண்டு ஜிபி இருந்தாலே போதும்னு சர்க்குலர்ல தெளிவா போட்டிருக்கோம்."

கடையில் ஒரு முறை, என் வாயால் ஒரு முறை. இப்போது சர்க்குலரிலும் 'போதும்'. கோபம் தலைக்கு ஏறியது எனக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி போனை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டாள். அதில் வயரைத் தவிர ஒன்றும் இல்லை என்று நாங்கள் மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டோமே.

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். சிவப்பு வயர், நீல வயர், தூசி படிந்த பெட்டி. ஒரு இருட்டுச் சதுரத்தின் மேல் விரல் பட்டது. அது படம் இல்லை, வீடியோ. மோட்டார் சத்தம் எழுந்தது. அதற்கு மேல் அண்ணனின் குரல்.

"சார், இந்தக் கட்டக் கட்டக்னு வருதுல்ல, கேக்குதா சார்? பிரேக்ல இருந்துதான் சார் வருது. மூச்சு வாங்குது சார், ஒரு நிமிஷம்... பன்னெண்டு மாடி. வியாழக்கிழமைக்காவது கூட ஒரு ஆளை அனுப்புங்க சார். சார், கேக்குதா?"

உள்ளறையிலிருந்து பாப்பா ஓடி வந்தாள். கையில் பென்சிலோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அந்த வியாழக்கிழமைதான் அண்ணன் இறந்தான். தனியாகத்தான் போயிருந்தான்.

"இது உங்களுக்கு வந்துச்சா?" என்று கேட்டேன்.

சூப்பர்வைசர் போனை மேஜைமேல் வைத்தார். "சத்தம் எதாவது வந்தா வீடியோ எடுத்து அனுப்புவாரு. எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது வீடியோ வருதும்மா. எல்லாத்தையும் எப்படிப் பாக்கறது? போன் நிறைஞ்சுடுதுன்னு அப்பப்ப அழிச்சுடுவேன்."

"பாத்துட்டு அழிச்சீங்களா, பாக்காமலே அழிச்சீங்களா?"

அவர் "ரீசெட் பண்ணிடலாம்மா, எல்லாருக்கும் அதுதான் நல்லது" என்று முனகியபடி மறுபடியும் போனை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

அண்ணி, என் அண்ணி, யார் முன்னாலும் குரல் உயர்த்தாதவள், அவர் கைக்கு முன்னால் எட்டிப் போனை எடுத்தாள்.

"எந்திரிங்க."

"அம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"என் பொண்ணோட பல்லு விழுந்த படத்தை அழிச்சுட்டுத்தான் உங்க வயரை வச்சிருந்தாரு அந்த மனுஷன். இனிமே இதுல இருந்து ஒண்ணுகூட அழியாது. எந்திரிச்சு வெளிய போங்க."

அவர் போய்விட்டார். செருப்பை மாட்டும்போது மட்டும் தடுமாறினார்.

பாப்பா மெல்ல மேஜைக்கு வந்தாள். "அத்தை, அப்பா ஏன் அந்த ஆளைப் போயி அத்தனை சார் போட்டுக் கூப்பிடுறாரு?"

நான் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

அன்று மாலையே எல்லாவற்றையும் என் போனுக்கு மாற்ற உட்கார்ந்தேன். என் புதிய போனின் இருநூற்று ஐம்பத்தாறு ஜிபியிலும் இடம் இல்லை என்று வந்தது. ஓட்டல் மேஜைகள், ஒரே சூரியனின் அறுபது அஸ்தமனங்கள், கடைக்கண்ணாடியில் பிடித்துப்போன செருப்புகள். பார்க்காமலே அழித்தேன். நாலாயிரம் வயரும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தோம், எங்காவது அவன் விரல் தெரிகிறதா என்று. வீடியோக்கள் மட்டும் பதினொன்று இருந்தன. எல்லாமே இருட்டு, மோட்டார், யாரோ ஒரு சாருக்கு அவன் சொன்ன பழுது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. வீட்டில் இருக்கிற யாருடைய பெயரையும் அவன் அதில் சொல்லவில்லை.

"இவ்வளவுதானா அத்தை?" என்றாள் பாப்பா.

அவளே திரையில் விரலை வைத்து முதலிலிருந்து ஓட்டினாள். மோட்டார் சுற்றியது. "கேக்குதா சார்?" என்றான் அண்ணன்.

"கேக்குதுப்பா" என்றாள்.